டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கிய கேரி கைகாக்ஸ் யார்? அவர் தொடங்கிய கம்பெனியே அவரை ஏன் வெளியேற்றியது?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அந்த விளையாட்டை அவர்தான் உருவாக்கினாரா. இரண்டு, அது அவர் கையை விட்டு எப்படிப் போனது. முதலாவதற்கு என் பதில்: தனியாக உருவாக்கவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்து எழுதியிருக்காவிட்டால் அது மினியாபோலிஸ் பக்கத்து நண்பர்கள் சிலரின் வார இறுதிப் பொழுதுபோக்காகவே முடிந்துபோயிருக்கும். இரண்டாவதற்கு: 1985இல் முதுகில் குத்திவிட்டார்கள் என்பது ரசிகர்கள் சொல்லும் கதை. கணக்கைப் பார்த்தால் பிடி 1975லேயே தளர்ந்துவிட்டது.

ஆடிப் பார்க்காதவர்களுக்காக முதலில் விளையாட்டைப் பற்றி. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர். ஒருவர் நடுவர், டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. நடுவர் சொல்கிறார்: "படி இறங்கினால் ஒரு மரக்கதவு. அடியில் வெளிச்சம் தெரிகிறது." திருடனாக ஆடுபவர், "காதை வைத்துக் கேட்கிறேன்" என்கிறார். "பகடையை உருட்டு." விழுந்த எண்ணைப் பொறுத்து உள்ளே இருப்பவர்களின் பேச்சு கேட்கும், அல்லது ஒன்றும் கேட்காது. இதில் ஜெயிப்பது தோற்பது கிடையாது. இந்த வாரம் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரும். பாத்திரம் உயிரோடிருந்தால் அனுபவப் புள்ளி சேரும், லெவல் ஏறும். இன்று மொபைல் கேம் ஆடும் பிள்ளைகள் சர்வசாதாரணமாகச் சொல்கிற லெவல், எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), ஹெச்பி (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) எல்லாம் இந்த மேசையிலிருந்து கணினிக்குப் போனவைதான்.

எர்னஸ்ட் கேரி கைகாக்ஸ் 1938 ஜூலை 27ஆம் தேதி சிகாகோவில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவர், வயலின் கலைஞர். சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் வாசித்தவர். 1946இல் குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூருக்கு, அம்மாவின் பூர்வீக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஏரிக்கரை ஊர், கோடையில் சிகாகோ பணக்காரர்கள் வந்து போவார்கள். கேரிக்குச் சின்ன வயதிலேயே சதுரங்கம் தெரியும். மலிவுத்தாள் பத்திரிகைகளில் வந்த வாள், மந்திரவாதக் கதைகளை வெறியோடு படித்தார். ராபர்ட் ஹோவர்டு, ஃப்ரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ், லவ்கிராஃப்ட் ஆகியோர் அவருடைய ஆசான்கள். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. கடற்படைப் பிரிவான மரைனில் சேர்ந்து, நிமோனியா காரணமாகச் சீக்கிரமே திரும்பி வந்தார். இருபது வயதில் மேரி ஜோவுடன் திருமணம். ஐந்து பிள்ளைகள். பிழைப்புக்கு சிகாகோவில் காப்பீட்டு கம்பெனி வேலை, அண்டர்ரைட்டர்.

இந்த அண்டர்ரைட்டர் உத்தியோகத்தை வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. யாருக்கு என்ன ஆபத்து, எவ்வளவு வாய்ப்பு, அதற்கு என்ன விலை என்று அட்டவணை பார்த்துச் சொல்வதுதான் அந்த வேலை. பின்னாளில் அவர் எழுதிய விதிப்புத்தகங்களைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அதே புத்திதான்: இந்தக் காட்டில் இரவில் என்ன மிருகம் எதிர்ப்படும், நூற்றுக்கு எத்தனை, இந்த விஷம் எத்தனை பேரைக் கொல்லும், சாக்கடையில் நடந்தால் நோய் தொற்ற எவ்வளவு வாய்ப்பு.

1950களின் கடைசியில் அவலான் ஹில் என்ற நிறுவனம் வெளியிட்ட 'கெட்டிஸ்பர்க்' என்ற போர் விளையாட்டு அவர் கையில் கிடைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு சண்டையை அட்டையும் வரைபடமும் வைத்து ஆடுவது. பிடித்த பித்து விடவில்லை. கணவனுக்கு வேறு தொடர்பு இருக்கிறதோ என்று சந்தேகப்பட்ட மேரி ஜோ ஒரு நாள் நண்பர் வீட்டு நிலவறைக்குள் திடுமென்று நுழைந்தாராம். உள்ளே கைகாக்ஸும் நண்பர்களும் வரைபடங்களைப் பரப்பிவைத்துக் குனிந்திருந்தார்கள். 1968இல் அவர் லேக் ஜெனிவாவின் தோட்டக்கலைச் சங்க மண்டபத்தை 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்து இந்தப் பித்துக்காரர்களை ஒன்றுகூட்டினார். ஜென் கான் என்று பெயர். இன்று இண்டியானாபோலிஸில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடுகிற திருவிழா அதன் தொடர்ச்சிதான்.

1969இல் நடந்த இரண்டாவது கூட்டத்தில் டேவ் ஆர்னெசனைச் சந்தித்தார். மின்னசோட்டாக்காரர், கல்லூரி மாணவர், கைகாக்ஸைவிட ஒன்பது வயது இளையவர். இருவரும் முதலில் பாய்மரக் கப்பல் சண்டைக்கான விதிகளைச் சேர்ந்து எழுதினார்கள். 1970இல் கைகாக்ஸுக்குக் காப்பீட்டு வேலை போனது. வீட்டு நிலவறையில் செருப்புத் தைக்கும் இயந்திரத்தைப் போட்டு, பழுது பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். மிச்ச நேரமெல்லாம் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால்.

1971இல் ஜெஃப் பெரன் என்ற நண்பரோடு சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்' வெளிவந்தது. பொம்மை வீரர்களை வைத்து ஆடும் இடைக்காலப் போர்களுக்கான விதிகள். இதன் கடைசியில் கைகாக்ஸ் ஒரு பின்னிணைப்பு சேர்த்தார்: டிராகன், மந்திரவாதி, மாவீரன். மந்திரவாதி எறியும் நெருப்புப் பந்தைக் கவண் எறிகல் போலவும், மின்னலைப் பீரங்கி போலவும் கணக்கிடச் சொன்னார். சரித்திரப் போர் ஆடுகிற பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். மற்றவர்கள் அந்தப் பின்னிணைப்புக்காகவே புத்தகத்தை வாங்கினார்கள்.

ஆர்னெசனின் பங்கை இங்கே சொல்லாவிட்டால் பதில் நேர்மையாக இருக்காது. அவருடைய வட்டாரத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் 'பிரவுன்ஸ்டைன்' என்று ஓர் ஆட்டம் நடத்தினார். படைகளை நகர்த்துவதற்குப் பதில், ஒரு ஜெர்மன் ஊரின் மேயர், மாணவர் தலைவர் என ஆளுக்கொரு மனிதராக ஆட வேண்டும். அந்த யோசனையை எடுத்து, 1971இல் 'பிளாக்மூர்' என்ற கற்பனை ஊரையும் அதன் கோட்டைக்கு அடியில் பாதாள அறைகளையும் ஆர்னெசன் உருவாக்கினார். சண்டைக்கு செயின்மெயில் விதிகளைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்தார். பத்தவில்லை. ஒரு அடியில் செத்துவிட்டால் யார் தொடர்ந்து ஆடுவார்கள்? அதனால் கடற்போர் விதிகளில் கப்பலுக்கு இருந்த தாங்குசக்தியை மனிதனுக்குக் கொடுத்தார். அதுதான் ஹிட் பாயிண்ட். பாத்திரம் வாரா வாரம் தொடர்ந்து வளர்வதும், கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது நடுவருக்கு மட்டுமே தெரிந்திருப்பதும் ஆர்னெசன் மேசையில் நடந்தவைதான்.

1972 இறுதியில் ஆர்னெசன் லேக் ஜெனிவாவுக்கு வந்து கைகாக்ஸ் வீட்டில் ஒரு பிளாக்மூர் ஆட்டம் நடத்திக் காட்டினார். கைகாக்ஸுக்கு அன்றே பொறி தட்டிவிட்டது. விதிகள் என்ன என்று கேட்டால் ஆர்னெசனிடம் இருந்தவை சில பக்கக் கைக்குறிப்புகள். மீதியெல்லாம் அவர் தலைக்குள். கைகாக்ஸ் உட்கார்ந்து முதலில் ஐம்பது பக்கம் தட்டச்சு செய்தார். நண்பர்களுக்கு அனுப்பி, ஆடவிட்டு, கேள்விகளை வாங்கி, நூற்றைம்பது பக்கமாக்கினார்.

அந்த நாள்களில் அவர் வீட்டில் நடந்த முதல் ஆட்டம் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். ஆடியவர்கள் மகன் எர்னியும் மகள் எலீஸும். அவர் கற்பனையில் கட்டிய கிரேஹாக் கோட்டையின் பாதாளத்தில் இறங்கிய பிள்ளைகளுக்கு எதிர்ப்பட்டது தேள்கூட்டமா பூரான்களா என்பது பின்னாளில் அவருக்கே நினைவில்லை. ஒரு பெட்டியில் மூவாயிரம் செப்புக்காசு கிடைத்தது. தூக்க முடியாத கனம். பிள்ளைகளுக்கு ஒரே எரிச்சல். ஒன்பது மணிக்கு அவர்கள் தூங்கப்போனதும் அப்பா அடுத்த தளத்தை வரைய ஆரம்பித்துவிட்டார். மறுநாள் நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள்: டான் கே, ராப் கன்ட்ஸ், அவர் அண்ணன். புதையலின் எடையைக் கணக்கில் வைப்பது இன்றும் இந்த விளையாட்டில் இருக்கிறது, இன்றும் ஆடுபவர்களுக்கு எரிச்சல்தான்.

அவலான் ஹில் இதை வெளியிட மறுத்தது. 1973 அக்டோபரில் கைகாக்ஸும் டான் கேயும் 'டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள்; சுருக்கமாக டிஎஸ்ஆர். தன் பங்குப் பணத்துக்காக டான் கே ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கினார். அதுவும் அச்சுக்குப் பத்தவில்லை. அந்த ஆண்டின் கடைசியில் பிரையன் புளூம் என்ற விளையாட்டு ஆர்வலர் இரண்டாயிரம் டாலரோடு மூன்றாவது பங்காளியாக வந்தார். 1974 ஜனவரியில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியானது. ஆயிரம் பிரதிகள், பத்து டாலர், மரநிற அட்டைப்பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். பெட்டிகளை அடுக்கியது கைகாக்ஸ் வீட்டு நிலவறையில், குடும்பத்தினரின் கையால். ஓராண்டுக்குள் எல்லாம் தீர்ந்தது.

நேர்மையாகச் சொன்னால் அந்த முதல் புத்தகங்கள் குழப்பம். செயின்மெயில் உங்களிடம் இருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதப்பட்டவை. பாதி ஊர்கள் பாதி விதிகளைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆடின. ஆனாலும் ஆடின! மேற்குக்கரைப் பல்கலைக்கழக விடுதியில் இருந்த ஒரு மாணவன், கைகாக்ஸையோ ஆர்னெசனையோ பார்க்காமல், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நண்பர்களை உட்காரவைக்க முடிந்தது. ஆர்னெசனிடம் கற்பனை அபாரம், எழுத்து வராது. கைகாக்ஸ் நேர்மாறாக, அடுத்தவர் மேசையில் பார்த்ததையும் தன் கற்பனையையும் சேர்த்து அச்சுக்குத் தோதாக வடிப்பவர். யார் பெரியவர் என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. ஆட்டத்தின் பிறப்பு ஆர்னெசனுடையது, புத்தகம் கைகாக்ஸுடையது, விற்றது புத்தகம். என் கட்சி இதுதான்.

பகடை ஒரு தனிக்கதை. இருபது முகப் பகடையைப் பள்ளிகளுக்குக் கணித உபகரணம் விற்கும் கம்பெனியிடமிருந்து வாங்கி விற்றார்கள். நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் என ஐந்து வடிவமும் ஒரே தொகுப்பாகத்தான் கிடைத்தன. மற்ற நான்கையும் என்ன செய்வது என்று யோசித்து விதிகளுக்குள் இடம் கொடுத்தார் கைகாக்ஸ். 1979இல் விற்பனை எகிறியபோது பகடைக்குத் தட்டுப்பாடு வந்து, பெட்டிக்குள் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டு அனுப்பினார்கள். குவளையில் போட்டுக் குலுக்கி எடுக்க வேண்டியதுதான்.

அரக்கர்கள் வந்த வழி இன்னும் வேடிக்கை. மலிவுக் கடையில் ஹாங்காங் தயாரிப்பு பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்று வாங்கினார். 'வரலாற்றுக்கு முந்தைய மிருகங்கள்' என்று விற்றவை. உள்ளே இருந்தவை எந்த டைனோசரும் இல்லை, என்னவென்றே சொல்ல முடியாத உருவங்கள். ஒன்றுக்கு வாலில் விசிறி போல ஒரு தகடு: அது இரும்பைத் துருவாக்கித் தின்னும் ஜந்து ஆயிற்று. இன்னொன்று ஆந்தைக்கரடி. மூன்றாவது, மண்ணுக்கடியில் நீந்தி வரும் சுறா. ஐம்பது வருஷம் கழித்தும் மூன்றும் விதிப்புத்தகத்தில் இருக்கின்றன.

நம் ஊர்ச் சரக்கும் அதில் இருக்கிறது. 1977இல் வந்த அரக்கர் கையேட்டில் ராட்சசர் உண்டு. ராவணன் வம்சம் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினால், புலித்தலையோடு, நல்ல அங்கி போட்டு, நாற்காலியில் சாய்ந்து சுங்கான் புகைத்துக்கொண்டிருப்பார். நாம் நம்பும் ஒருவரின் உருவத்தில் வந்து ஏமாற்றுவார் என்பதும், பூசாரி ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவார் என்பதும் விதி. இந்த இரண்டும் ராமாயணத்தில் படித்து எழுதியவை அல்ல. 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு திகில் தொடரின் கதையில் அப்படியே வருகின்றன. மாரீசன் பொன்மானாக வந்த கதை அவருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பார் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

கடன் வாங்கியதில் ஒன்று சட்டச் சிக்கலானது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கியனின் உலகில் வரும் ஹாபிட் என்ற குட்டை மனிதர், என்ட் என்ற நடக்கும் மரம், பால்ராக் என்ற நெருப்புப் பிசாசு எல்லாம் முதல் பதிப்பில் பேரோடு இருந்தன. 1977இல் உரிமையாளர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தது. ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது, என்ட் 'ட்ரியன்ட்' ஆனது, பால்ராக் காணாமல் போனது. டோல்கியனின் பாதிப்பு மேலோட்டமானது என்றே கைகாக்ஸ் சாதித்துவந்தார். முழுக்க நம்ப வேண்டாம். எல்ஃபும் குள்ளர்களும் ஓர்க்கும் தோளோடு தோள் நிற்கும் உலகம் வேறெங்கிருந்து வந்தது? ஆனால் மந்திரம் செயல்படும் முறை நிச்சயமாக ஜாக் வான்ஸிடமிருந்து வந்தது. காலையில் மந்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும், சொன்னதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். விளையாட்டில் வரும் 'வெக்னா' என்ற தீய மந்திரவாதியின் பெயரும் அந்தக் கடனைச் சொல்கிறது. வான்ஸ் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப்போட்டால் வெக்னா. மகன் எர்னஸ்டின் எழுத்துகளைக் கலைத்தால் 'டென்சர்'. ஜிம் வார்டு என்ற நண்பரைத் திருப்பிப் போட்டால் 'டிராமிஜ்'. இன்று பால்டர்ஸ் கேட் என்ற கணினி விளையாட்டை ஆடுபவர்கள் படிக்கிற மந்திரப் பெயர்களில் சில லேக் ஜெனிவா வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுடையவை.

1977 முதல் 1979 வரை அவருடைய உச்சம். 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்கள்: அரக்கர் கையேடு, ஆடுபவர் கையேடு, நடுவர் கையேடு. மூன்றாவதில்தான் அவர் எழுத்து முழு வீச்சில் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸும் மத்தியகால ஆங்கிலமும் கலந்த ஒரு மணிப்பிரவாளம். அகராதி இல்லாமல் படிக்க முடியாது, படிக்க ஆரம்பித்தால் வைக்கவும் முடியாது. பதின்வயதுப் பையன்கள் ஒரு தலைமுறையே இதைப் படித்து ஆங்கிலச் சொல்வளம் சேர்த்தார்கள் என்று அமெரிக்க எழுத்தாளர்கள் பலர் சொல்வதுண்டு.

அவருடைய வடிவமைப்பு மூளையைப் பார்க்க வேண்டுமானால் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற சாகசம் போதும். 1975இல் ஒரு போட்டிக்காக நடத்தி, 1978இல் அச்சிட்டார். என் பாத்திரம் எதையும் ஜெயிக்கும் என்று மார்தட்டிய கைதேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான வைத்தியம் அது. ஒரு மந்திரவாதியின் கல்லறை. நுழைவுக் கூடத்தின் கோடியில் சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம், வாய் பிளந்து, உள்ளே கும்மிருட்டு. வழி அதுதான் போலிருக்கிறது என்று ஏறிப் போனவர் போனவர்தான். அந்த இருட்டு தொட்டதை இல்லாமலாக்கும் ஒரு கோளம். தப்பிக்க வாய்ப்பு கிடையாது, பகடைக்கு வேலையே இல்லை. விவரம் தெரிந்தவர் முதலில் ஒரு கம்பை உள்ளே விட்டுப் பார்ப்பார். கம்பு பாதியாக வெளியே வரும். வாள்வீச்சு எத்தனை லெவலில் இருந்தாலும் பயனில்லாத இடம். கொடூரமான வடிவமைப்பு என்று இன்று பலர் ஒதுக்குகிறார்கள். நானே புதியவர்களை வைத்து இதை நடத்தமாட்டேன். ஆனால் ஆடுபவரின் புத்தியைச் சோதிப்பதா, தாளில் எழுதிய எண்ணைச் சோதிப்பதா என்ற கேள்வியில் அவர் எந்தப் பக்கம் என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது.

இதே காலத்தில் ஆர்னெசனோடு உறவு முறிந்தது. 1976 கடைசியில் ஆர்னெசன் கம்பெனியை விட்டுப் போனார். 'அட்வான்ஸ்டு' வேறு விளையாட்டு, அதற்கு ராயல்டி கிடையாது என்றது டிஎஸ்ஆர். 1979இல் ஆர்னெசன் வழக்குப் போட்டார்; 1981இல் சமரசமானது. இந்த விஷயத்தில் கைகாக்ஸ் நடந்துகொண்டது எனக்கு உவப்பானதல்ல.

புகழ் வந்தது ஒரு வதந்தியால். 1979இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 16 வயது மாணவர் ஒருவர் காணாமல் போனார். கல்லூரிக்கு அடியில் உள்ள நீராவிக் குழாய்ச் சுரங்கத்தில் இந்த விளையாட்டை நிஜமாக ஆடப்போய்த் தொலைந்துவிட்டார் என்று ஒரு துப்பறிவாளர் சொல்ல, நாளிதழ்கள் பிடித்துக்கொண்டன. பிறகு அவர் கிடைத்தார். காரணமும் விளையாட்டு அல்ல. ஆனால் விற்பனை பறந்தது. 1980களில் இது சாத்தான் வழிபாடு, பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று சர்ச்சுகளும் பெற்றோர் அமைப்புகளும் கிளம்பின. 1985இல் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கைகாக்ஸ் உட்கார்ந்து பதில் சொன்னார். இதில் வினோதம், அவரே யெகோவாவின் சாட்சிகள் சபையில் இருந்தவர், பைபிளை நன்றாகப் படித்தவர்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1975 ஜனவரியில் டான் கே மாரடைப்பில் இறந்தார். வயது 36. அவர் பங்கு மனைவிக்குப் போனது. அவருக்கு இந்தத் தொழிலில் விருப்பமில்லை. வாங்கிக்கொள்ள கைகாக்ஸிடம் பணம் இல்லை. அப்போதுதான் பிரையன் புளூமின் அப்பா பணம் போட்டார். டிஎஸ்ஆர் ஹாபீஸ் என்று புதிய கம்பெனி. கொஞ்ச நாளில் கைகாக்ஸின் பங்கு சுமார் 35 சதவீதமாகச் சுருங்கியது. பிறகு பிரையனின் சகோதரர் கெவினும் உள்ளே வந்தார். வெளியுலகத்துக்கு கைகாக்ஸ்தான் டிஎஸ்ஆர். ஓட்டெடுப்பு என்று வந்தால் புளூம் குடும்பம்தான் டிஎஸ்ஆர்.

பணம் கொட்டிய காலத்தில் இது உறைக்கவில்லை. சகோதரர்கள் கண்டமேனிக்குச் செலவு செய்தார்கள். எம்பிராய்டரிப் பொருள் விற்கும் கம்பெனியைக்கூட வாங்கிப் போட்டார்கள். 1983இல் கைகாக்ஸ் ஹாலிவுட்டுக்கு அனுப்பப்பட்டார். மேரி ஜோவுடன் விவாகரத்தும் அந்த ஆண்டுதான். பெவர்லி ஹில்ஸில் பழைய இயக்குநர் கிங் விடோரின் மாளிகையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். சிபிஎஸ் தொலைக்காட்சியில் 27 பகுதிகள் ஓடிய கார்ட்டூன் தொடர் அந்த வாசத்தின் பலன். சினிமா எடுக்கும் கனவு நிறைவேறவில்லை. மாளிகைக்கு ஆன செலவைப் பார்த்தால், சிக்கனம் பற்றிப் புளூம்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி அவருக்கு இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

1984இல் ஊரிலிருந்து சேதி வந்தது: கம்பெனி பதினைந்து லட்சம் டாலர் கடனில். ஓடி வந்தார். கெவினைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்க வைத்தார். வாங்கிக்கொள்ளத் தனக்கு உரிமை இருந்த கூடுதல் பங்குகளை வாங்கி 1985 மார்ச்சில் நிர்வாகத்தைக் கையிலெடுத்தார். பணம் புரள அவருக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவது. அந்த ஒரே ஆண்டில் 'அன்எர்த்டு ஆர்க்கானா', 'ஓரியன்டல் அட்வெஞ்சர்ஸ்' என்ற புத்தகங்களும், 'கார்ட்' என்ற திருடனைப் பற்றிய நாவலும் வந்தன. புத்தகங்கள் நன்றாக விற்றுக் கம்பெனிக்கு மூச்சு வந்தது.

நிர்வாகத்துக்கென்று அவரே லொரெய்ன் வில்லியம்ஸ் என்பவரைக் கொண்டுவந்தார். ஹாலிவுட் நண்பர் ஒருவரின் சகோதரி, பக் ராஜர்ஸ் படக்கதையின் உரிமை வைத்திருந்த குடும்பம். 1985 அக்டோபரில் புளூம் சகோதரர்கள் தங்கள் பங்குகளை அவருக்கு விற்றார்கள். பெரும்பான்மை அவர் கைக்குப் போனது. கைகாக்ஸ் தலைமைப் பதவியை இழந்தார். நீதிமன்றம் போனார், தோற்றார். 1986 கடைசியில் முழுதாக வெளியேறினார். இதில் துரோகம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்து வருஷம் சிறுபான்மைப் பங்காளியாக இருந்துகொண்டு முதலாளியைப் போல வாழ்ந்தவருக்கு, யாரோ ஒருவர் பங்குகளை எண்ணிப் பார்த்த அன்று அதுதான் நடந்திருக்கும். வில்லியம்ஸை வில்லியாக மட்டும் பார்ப்பதும் சரியல்ல; அவர் காலத்தில் டிஎஸ்ஆர் இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது, அருமையான உலகங்கள் பல வந்தன.

அதற்குப் பிறகு அவர் எழுதியதை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பெரிதாக ஒன்றுமில்லை. 1987இல் 'சைபோர்க் கமாண்டோ', ஆடியவர்களைக் கண்டதில்லை. 1992இல் 'டேஞ்சரஸ் ஜர்னீஸ்'. டிஎஸ்ஆர் வழக்குப் போட்டு, கடைசியில் உரிமையை விலைக்கு வாங்கிக் கிடப்பில் போட்டது. 1999இல் 'லெஜண்டரி அட்வென்ச்சர்'. விதிகளைச் சுருக்கச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் இவை தேறியிருக்கும். 1997இல் கடனில் மூழ்கிய டிஎஸ்ஆரை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற விளையாட்டு கம்பெனி வாங்கியது. அதன் தலைவர் பீட்டர் அட்கிசன் கைகாக்ஸோடும் ஆர்னெசனோடும் பேசி, பணம் கொடுத்துப் பழைய உரிமைச் சிக்கல்களைத் தீர்த்தார். கைகாக்ஸ் பெயர் மறுபடி மரியாதையோடு அச்சாக ஆரம்பித்தது. 2000இல் 'ஃபியூச்சுராமா' கார்ட்டூனில் தன் வேடத்தில் தானே குரல் கொடுத்தார். 1987இல் மணந்த இரண்டாவது மனைவி கெய்லோடு லேக் ஜெனிவாவிலேயே இருந்தார். தேடி வரும் ரசிகர்களுக்கு வீட்டு முன்தாழ்வாரத்தில் ஆட்டம் நடத்துவார். 2004இல் பக்கவாதம் தாக்கியது. 2008 மார்ச் 4ஆம் தேதி, 69 வயதில் காலமானார். ஆர்னெசன் அடுத்த ஆண்டு ஏப்ரலில்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் இந்த விளையாட்டுக்கு இயல்பிலேயே பொருந்தாதவர்கள் என்ற ரீதியில் அவர் கடைசிவரை பேசினார். 1978 கையேட்டில் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணைவிடக் குறைவான உச்சவரம்பு வைத்தார். முதல் ஆட்டத்தில் உட்கார்ந்த இருவரில் ஒருவர் அவர் பெண் எலீஸ்தான். அந்தக் காலம் அப்படி என்று மழுப்பத் தேவையில்லை. அதே காலத்தில் பெண்கள் ஆடிக்கொண்டும் எழுதிக்கொண்டும்தான் இருந்தார்கள்.

அவரை எழுத்தாளராகப் படிக்க நினைத்தால் நாவல்கள் வேண்டாம். 1979 நடுவர் கையேட்டை எங்காவது தேடிப் பிடியுங்கள். ஆடாவிட்டாலும் பரவாயில்லை, நடுவில் எங்கேயாவது திறந்து பாருங்கள்: ரத்தினக் கற்களின் குணங்கள், ஆட்சிமுறைகளின் பட்டியல், கூலிக்கு வரும் கொல்லனின் மாதச் சம்பளம். பின்னிணைப்பில் தனக்குப் பிடித்த கதாசிரியர்களின் பட்டியல் ஒன்று தந்திருக்கிறார், அதையும் பாருங்கள். அதன் பிறகும் ஆர்வம் இருந்தால் 'அன்எர்த்டு ஆர்க்கானா'வின் கடைசிப் பக்கங்களில் நீண்ட தடியில் கத்தி பொருத்திய ஆயுதங்களைப் பற்றி, வகை வகையாகப் படம் போட்டு, ஒரு கட்டுரை இருக்கிறது. யாரும் கேட்காத கட்டுரை. மனிதருக்கு அந்த ஆயுதங்கள் மேல் தீராத மோகம். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் படித்தால் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.